எதிரே இருக்கும் திடலில் என்ன வரப்போகிறது?

சிங்கப்பூரில் வீடு பார்க்கப் போகும் நண்பர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: ஜன்னல் வழியாகத் தெரிவதை மட்டும் நம்பிடாதீங்க. எதிரே பச்சைப் பசேல்னு ஒரு திடல் இருக்கும். "காத்து அள்ளும் சார், எதிர்ல எதுவும் மறைக்காது" என்பார் வீட்டு முகவர். ஆனால் அந்தத் திடலுக்கு ஏற்கெனவே ஒரு எண் எழுதப்பட்டிருக்கலாம்.

நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் இணையத்தளத்தில் 'பெருந்திட்டம்' என்ற வரைபடம் இருக்கிறது. காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்தத் திடலைப் பெரிதாக்கிப் பாருங்க. குடியிருப்பு என்று குறித்து 2.8 என்று போட்டிருந்தால், 1,000 சதுர மீட்டர் நிலத்தில் 2,800 சதுர மீட்டர் வரை தளப்பரப்பு கட்டலாம் என்று பொருள். காற்று அள்ளும் இடம் இன்னும் சில வருஷத்தில் அடுக்குமாடியாக நிற்கலாம். பூங்கா என்று இருந்தால் கொஞ்சம் நிம்மதி. சில இடங்களில் எந்தப் பயன்பாடும் இல்லாமல் 'ஒதுக்கி வைத்த நிலம்' என்று மட்டும் இருக்கும். என்ன வரும் என்று இன்னும் முடிவாகவில்லை, ஆனால் ஏதோ ஒன்றுக்காக அரசு வைத்திருக்கிறது என்று அர்த்தம்.

நான் நகரத் திட்ட நிபுணன் இல்லை. மென்பொருள் எழுதுகிறவன். பெரியவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு மூணு. போன வருஷம் கொஞ்சம் பெரிய வீட்டுக்கு மாறலாம் என்று தேட ஆரம்பித்து, இந்த வரைபடங்களில் மூழ்கிவிட்டேன். "வீடு வாங்கப் போறீங்களா, பரீட்சை எழுதப் போறீங்களா?" என்று என் மனைவி கேட்கும் அளவுக்கு.

படித்ததில் புரிந்த விஷயத்தை உங்களோடு பகிரத்தான் இந்தக் கட்டுரை. நம் பிள்ளைகள் எங்கே விளையாடுவார்கள், எந்தக் கோயிலுக்கு நடந்து போவார்கள், பக்கத்து வீட்டில் யார் இருப்பார்கள், நாம் விட்டுப் போகும் வீட்டுக்கு அவர்கள் காலத்தில் மதிப்பு இருக்குமா – இத்தனையிலும் அரசின் திட்டத்துக்குப் பங்கு உண்டு. அந்தத் திட்டத்தால் நன்மையும் உண்டு, அதற்கு யாரோ கொடுத்த விலையும் உண்டு. சீக்கிரமே படித்துப் பார்ப்பவர்களால் அதைக் கொஞ்சம் மாற்றவும் முடிந்திருக்கிறது.

மூன்று அடுக்குத் திட்டம்

சிங்கப்பூரின் திட்டமிடலில் மூன்று அடுக்குகள். மேலே இருப்பது நீண்டகாலத் திட்டம். ஏறத்தாழ பத்து ஆண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்வார்கள்; நாற்பது, ஐம்பது ஆண்டுக்கு முன்னால் பார்ப்பது. அதற்குக் கீழே நான் சொன்ன பெருந்திட்டம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை திருத்தம், அடுத்த பத்து பதினைந்து ஆண்டுக்கான கணக்கு. இதற்குச் சட்ட பலம் உண்டு. மூன்றாவது அடுக்கு அன்றாட வேலை: எந்த நிலத்தை எந்த வருஷம் விற்பது, எங்கே வீடு கட்டுவது, எங்கே சாலை தோண்டுவது.

எங்க ஆபீஸ் பாஷையில் சொன்னால், முதலாவது மொத்த அமைப்பின் வடிவமைப்பு, இரண்டாவது ரோட்மேப், மூன்றாவது இந்த வாரம் முடிக்க வேண்டிய வேலை. மென்பொருளில் தவறாகப் போனதைத் திரும்ப எழுதிவிடலாம். ஒரு விரைவுச்சாலையைத் தவறான இடத்தில் போட்டால் மூன்று தலைமுறை அதோடுதான் வாழ வேண்டும்.

இவ்வளவு தூரம் முன்னால் பார்ப்பதற்கு ஒரு காரணம் இடநெருக்கடி. 1960களில் ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டராக இருந்த தீவு, கடலை நிரப்பி நிரப்பி இப்போது சுமார் 735 ஆகியிருக்கிறது. மற்ற நாடுகளில் விமான நிலையம், ராணுவப் பயிற்சித் திடல், நீர்த்தேக்கம், இடுகாடு எல்லாம் நகரத்துக்கு வெளியே போய்விடும். இங்கே நகரத்துக்கு வெளியே என்று ஒன்று கிடையாது. ஒன்றுக்கு இடம் கொடுத்தால் இன்னொன்றுக்கு இடம் குறையும்.

ரயிலுக்கு முன்பே வரைந்த பாதை

ஆங்கிலேயர் காலத்தில் 1927ல் தொடங்கிய சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளை, முப்பத்திரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 23,000 வீடுகள் கட்டியது. அதே நேரத்தில் மக்கள்தொகை எகிறிக்கொண்டிருந்தது. அத்தாப்புக் கூரை வீடுகளிலும், ஒரே கடைவீட்டைப் பல அறைகளாகத் தடுத்தும் மக்கள் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். 1960 பிப்ரவரியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கியது. நாங்கள் சுருக்கமாக வீவக என்போம். அதன் முதல் தலைவர் லிம் கிம் சான். முதல் ஐந்தாண்டில் மட்டும் 50,000க்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டினார்கள்.

நடுவே 1961 மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீயில் பெரும் தீ. ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். எரிந்த நிலத்தை அரசு எடுத்துக்கொண்டு, ஓராண்டுக்குள் அங்கேயே அடுக்குமாடி வீடுகளை எழுப்பத் தொடங்கியது. வீவக மீது மக்களுக்கு நம்பிக்கை வந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

வேகமாகக் கட்டுவது ஒன்று. எதை எங்கே கட்டுவது என்பது வேறொன்று. அதற்காக ஐக்கிய நாடுகள் அமைப்பின் உதவியோடு நான்கு ஆண்டுகள் ஆராய்ந்து, 1971ல் முதல் நீண்டகாலத் திட்டத்தை வகுத்தார்கள். நடுவிலிருக்கும் நீர்ப்பிடிப்புப் பகுதியைத் தொடாமல் அதைச் சுற்றி வளையமாகப் புதிய நகரங்கள், அவற்றை இணைக்க விரைவுச்சாலைகள், ரயில்.

அந்த ரயிலின் கதை எனக்குப் பிடித்தது. 1971லேயே வரைபடத்தில் அது இருந்தது. ஆனால் கட்டலாமா வேண்டாமா என்று பத்து வருஷத்துக்கு மேல் விவாதம் ஓடியது. இவ்வளவு காசு போட வேண்டுமா, பஸ்ஸே போதுமே என்பது கோ கெங் சுவீயின் பக்கம். ரயில் வேண்டும் என்று நின்றவர் ஓங் டெங் சியோங். 1982ல்தான் முடிவானது. 1987 நவம்பர் 7 அன்று இயோ சூ காங்கிற்கும் தோ பாயோவுக்கும் இடையே முதல் ரயில் ஓடியது. திட்டம் தீட்டியவர்கள் ரயில் வரும் என்று ஜோசியம் சொல்லவில்லை. வந்தால் அதற்கு வழி இருக்கணும் என்று பார்த்துக்கொண்டார்கள். முடிவைத் தள்ளிப்போடலாம், இடத்தை மட்டும் இழந்துவிடக் கூடாது. நீண்டகாலத் திட்டத்தில் அரசு செய்யும் முக்கியமான வேலை இதுதான் என்று எனக்குப் படுகிறது. தனியார் நிறுவனம் எதுவும் பதினாறு வருஷம் நிலத்தைச் சும்மா வைத்துக்கொண்டு காத்திருக்காது.

நிலம் யாருடையது?

ஆனால் காத்திருக்க வேண்டுமானால் நிலம் கையில் இருக்கணுமே? 1966ல் நிலம் கையகப்படுத்தும் சட்டம் வந்தது. பொதுப் பயன்பாட்டுக்கு என்று அரசு எந்த நிலத்தையும் எடுக்கலாம். இழப்பீடு எவ்வளவு என்று மேல்முறையீடு செய்யலாம். எடுக்கவே கூடாது என்று தடுப்பது மிகக் கடினம். 1973ல் இன்னும் கடுமையான திருத்தம்: 1973 நவம்பர் 30 அன்றைய விலை, அல்லது அறிவிப்பு வந்த நாளின் விலை, எது குறைவோ அதுதான் இழப்பீடு. பிற்பாடு அந்தத் தேதியைச் சில முறை முன்னே நகர்த்தினார்கள். முழுச் சந்தை விலை கொடுக்கும் விதி 2007ல்தான் வந்தது.

அரசின் வாதம் இது: சாலையும் தண்ணீரும் மின்சாரமும் பொதுப் பணத்தில் வருகின்றன, அதனால் ஏறும் நில விலை தனி ஆள் பைக்குள் போகக் கூடாது. நியாயம் இருக்கிறது. எங்க அப்பா ஒரு தொழில்நுட்பரின் சம்பளத்தில் ஈசூனில் மூவறை வீடு வாங்க முடிந்ததற்கும், நான் சாலையைக் கடக்காமல் பள்ளிக்கும் சந்தைக்கும் நடந்து போனதற்கும் அந்தச் சட்டம் ஒரு காரணம். அதே சமயம், கம்பத்தில் கோழியும் தென்னையும் வைத்திருந்த யாரோ ஒரு குடும்பம் பழைய விலைக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டுப் போனதும் அதே சட்டத்தால்தான். நான் வளர்ந்த புளோக்கின் அடியில் இரண்டு கணக்கும் இருக்கிறது.

வரைபடத்தில் நம்மவர்கள்

இதில் தமிழர்களின் கணக்கும் உண்டு. செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளம் இருந்த காலத்தில் அங்கே வேலை பார்த்த இந்தியத் தொழிலாளர்கள் ஏராளம். அந்த வட்டாரத்தில் ஒரு மரத்தடியில் தொடங்கியதுதான் புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் கோயில். பிறகு அந்த நிலம் மேம்பாட்டுக்குத் தேவைப்பட்டது; 1990களில் கோயில் ஈசூனுக்கு இடம் மாறியது. இன்றைக்கு அங்கே பங்குனி உத்திரத்துக்குக் காவடி தூக்கப் போகும் பிள்ளைகளிடம் "இது ஏன் தொழிற்பேட்டை பக்கத்தில இருக்கு?" என்று கேட்டுப் பாருங்க. பலருக்குத் தெரியாது. வழிபாட்டுத் தலத்துக்கு எங்கே இடம் என்பதும் அந்தப் பெருந்திட்டத்தில் ஒரு குறிதான்.

லிட்டில் இந்தியாவை 1989ல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தார்கள். பழைய கடைவீடுகளை இடிக்க முடியாது. நல்ல விஷயம். ஆனால் அந்தக் கடைவீடுகளின் மாடியில் குடியிருந்த குடும்பங்களில் பெரும்பாலானவை அதற்குள் புதிய நகரங்களுக்குப் போய்விட்டன. பூக்கடையும் மளிகைக் கடையும் இருக்கின்றன. நாம் வாரக் கடைசியில் போய் வருகிறோம். கட்டடத்தைக் காப்பாற்றும் சட்டத்தால் அங்கே வாழ்ந்தவர்களை அங்கேயே வைத்திருக்க முடியாது என்பதற்கு இது ஓர் உதாரணம்.

அதே 1989 மார்ச்சில் வந்ததுதான் இன ஒருங்கிணைப்புக் கொள்கை. வீவக புளோக்கிலும் வட்டாரத்திலும் ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் உச்சவரம்பு. இந்தியருக்கும் மற்றவருக்கும் சேர்த்து இப்போது வட்டாரத்தில் 12 விழுக்காடு, புளோக்கில் 15. 2010 வரை இது 10, 13 என்று இருந்தது. நோக்கம் தெளிவு: ஓர் இனம் ஒரே இடத்தில் குவிந்து, மற்றவர்கள் முகமே பார்க்காமல் வளரக் கூடாது. என் மகள் நோன்புப் பெருநாளுக்கு எதிர்வீட்டில் பலகாரம் சாப்பிடுவதும், தீபாவளிக்கு அந்த வீட்டுப் பிள்ளைகள் எங்கள் வீட்டு முறுக்கைக் காலி செய்வதும் இதன் பலன்தான்.

விலை என்ன? ஒரு புளோக்கில் சீனர்களுக்கான வரம்பு நிரம்பிவிட்டால், அங்கே வீடு வைத்திருக்கும் தமிழர் அதைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்க வரும் கூட்டம் குறையும், விலையும் இறங்கும். இந்தப் பாரம் சிறுபான்மையினர் மேல் கூடுதலாக விழுகிறது என்று நாடாளுமன்றத்திலேயே பேசியிருக்கிறார்கள். 2022 மார்ச் முதல், விற்க முடியாமல் நெடுநாள் தவிப்பவர்களின் வீட்டை வீவகவே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. வாங்குவதற்கு முன்னால் அந்த புளோக்கின் இன விகித நிலவரத்தை வீவக தளத்தில் பார்த்துவிடுங்க. இரண்டு நிமிஷ வேலை.

99 வருஷக் கணக்கு

வீவக வீடுகள் 99 ஆண்டுக் குத்தகை. நிலம் கடைசியில் அரசிடமே திரும்பிவிடும்; அடுத்த தலைமுறைக்கு மறுபடி திட்டமிட அப்போதுதான் இடம் கிடைக்கும். திட்டமிடுபவருக்கு இது வரம். பெற்றோருக்கு இது கணக்கு.

1985ல் குத்தகை தொடங்கிய வீட்டை 2025ல் வாங்குகிறீர்கள் என்று வையுங்க. மிச்சம் 59 வருஷம். வாங்குபவர்களில் இளையவருக்கு 95 வயது வரை குத்தகை போதுமானால்தான் மத்திய சேமநிதிப் பணத்தை முழு அளவுக்குப் பயன்படுத்தலாம் என்பது 2019 முதல் உள்ள விதி. உங்களுக்கு 36 என்றால் 36ம் 59ம் 95. சரியாக வந்துவிட்டது. ஆனால் அன்றைக்கு ஏழு வயதான உங்கள் மகளுக்கு? 2084ல் குத்தகை முடியும்போது அவளுக்கு 66. அதற்கு முன்பே, இருபது வருஷத்துக்கும் குறைவாக மிச்சமிருக்கும் வீட்டை வாங்க சேமநிதியைத் தொடவே முடியாது என்பதால் விற்பது கடினமாகும்.

"அதெல்லாம் அரசாங்கம் இடிச்சுட்டுப் புது வீடு கொடுத்துடும்" என்று சொல்லாத மாமா நம்ம சொந்தத்தில் உண்டா? 1995ல் தொடங்கிய அந்தத் திட்டம் மிகச் சிறு பங்கு வீடுகளுக்குத்தான் கிடைத்தது. எல்லாப் பழைய வீடுகளுக்கும் அது வராது என்று 2017ல் அப்போதைய தேசிய வளர்ச்சி அமைச்சர் லாரன்ஸ் வோங் வெளிப்படையாகவே எழுதினார். அதே ஆண்டு, கேலாங் லோரோங் 3ல் 60 ஆண்டுக் குத்தகையில் இருந்த 191 தனியார் தரைவீடுகளின் நிலம் 2020 கடைசியில் இழப்பீடு இல்லாமல் அரசிடம் திரும்பும் என்று அறிவித்தார்கள், அப்படியே நடந்தது. எழுபது வயதைத் தொடும் வட்டாரங்கள் தாங்களே வாக்களித்து முடிவெடுக்கும் வேறொரு திட்டத்தை 2018ல் அறிவித்திருக்கிறார்கள். அதை நம்பி இன்று கணக்குப் போடாதீங்க. வீடு என்பது பிள்ளைக்கு விட்டுப்போகும் சொத்து என்று நம் ஊரில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இங்கே அது பாதி சொத்து, பாதி முன்கூட்டியே கட்டிய வாடகை.

திட்டம் மாறிய மூன்று இடங்கள்

இத்தனையும் கேட்டால், மேலே யாரோ தீர்மானிக்கிறார்கள், நாம் அனுபவிக்கிறோம் என்று தோன்றும். முழுக்க அப்படி இல்லை.

உபின் தீவின் கிழக்கு முனையில் இருக்கிறது செக் ஜாவா. அந்தக் கடலோரத்தை நிரப்ப 2001ல் எல்லாம் தயார். கடல் வற்றும் நேரத்தில் அங்கே போனவர்கள் அதன் உயிரினங்களைப் படமெடுத்து, பட்டியலிட்டு, கடிதம் எழுதினார்கள். ஆயிரக்கணக்கானோர் நேரில் பார்க்கப் போனார்கள். அந்த டிசம்பரில் அரசு வேலையை ஒத்திவைத்தது. இன்றைக்குப் பள்ளிப் பிள்ளைகள் அங்கே பலகைப் பாதையில் நடக்கிறார்கள்.

2011ல் மலாயா ரயிலின் பழைய பாதை நிலம் சிங்கப்பூருக்குத் திரும்பியது. ஏறத்தாழ 24 கிலோமீட்டர். துண்டு துண்டாக வெட்டி விற்காமல் ஒரே பசுமைப் பாதையாக வைக்க வேண்டும் என்று இயற்கை ஆர்வலர்கள் அதற்கு முன்பே எழுத்தில் கொடுத்திருந்தார்கள். அதன்படி இன்று அது நடைபாதை.

மூன்றாவது டோவர் காடு. அங்கே வீடு கட்டும் திட்டம் 2021ல் பொதுக் கருத்துக்கு வந்தது. ஏராளமானோர் எழுதினார்கள். கிழக்குப் பாதியில் மட்டும் முதலில் கட்டுவது, மேற்குப் பாதியைப் பத்தாண்டு அளவுக்குத் தொடாமல் வைத்து அப்புறம் பார்ப்பது என்று முடிவானது. முழு வெற்றி என்று யாரும் சொல்ல முடியாது. வீட்டுக்காகக் காத்திருக்கும் இளம் தம்பதிகளும் நம் பிள்ளைகள்தானே.

மூன்றிலும் ஒரு விஷயம் பொது. பேசியவர்கள் வேலை தொடங்குவதற்கு முன்னால் பேசினார்கள். கையில் படமும் விவரமும் மாற்று யோசனையும் வைத்திருந்தார்கள்.

நாம் என்ன செய்யலாம்?

வரைவுப் பெருந்திட்டத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, கருத்தும் ஆட்சேபமும் கேட்டுவிட்டுத்தான் இறுதி செய்ய வேண்டும். 2025 ஜூனில் அப்படி ஒரு வரைவு காட்சிக்கு வந்தது. நான் மகளை அழைத்துக்கொண்டு போனேன். அவள் கேட்ட முதல் கேள்வி "நம்ம புளோக் எங்கேப்பா?" இரண்டாவது "நூலகம் எவ்வளவு தூரம்?" திட்டத்தைப் படிக்கத் தொடங்க இதைவிட நல்ல கேள்விகள் எனக்குத் தோன்றவில்லை. உங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடைக்குள் என்ன இருக்கிறது, என்ன வரப்போகிறது, என்ன போகப்போகிறது என்று பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்க. தமிழ் பாலர் வகுப்புக்கோ கோயிலுக்கோ முதியோர் கூடும் இடத்துக்கோ தேவை இருந்தால், அந்த நேரத்தில் எழுதுங்க. வாட்ஸ்அப் குழுவில் புலம்பினால் அது யார் மேசைக்கும் போகாது.

சிங்கப்பூருக்கு வெளியே இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். லண்டனுக்கு மேயர் வெளியிடும் லண்டன் பிளான் இருக்கிறது. அதற்குக் கீழே ஒவ்வொரு பரோவுக்கும் தனித் திட்டம். டொரொன்டோவுக்கு அதிகாரபூர்வத் திட்டம் இருக்கிறது. அங்கெல்லாம் நிலம் பெரும்பாலும் தனியாரிடம் இருப்பதால் அரசு இவ்வளவு வேகமாக எதையும் செய்ய முடியாது. அதனாலேயே பொதுக் கூட்டத்துக்கு வந்து பேசுபவர்களின் குரல் கூடுதலாக எடுபடுகிறது. அந்தக் கூட்டங்களில் நம் ஆட்கள் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறோம் என்று நீங்களே சொல்லுங்க.

இப்போது இங்கே அடுத்து வருவது கிழக்குக் கடற்கரைக்கு எதிரே கடலை நிரப்பும் 'நீண்ட தீவு'. சுமார் 800 ஹெக்டேர். ஏறும் கடல்மட்டத்தைத் தடுக்க, நன்னீர் சேமிக்க, வீடு கட்ட. 2023 நவம்பரில் அறிவித்தார்கள். கட்டி முடிக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். நானும் என் மனைவியும் அங்கே குடியேறப் போவதில்லை. சின்னவன் ஒருவேளை போகலாம். அவனுக்கு இப்போது மூணு வயது, கருத்துச் சொல்லத் தெரியாது. அதனால் அவன் சார்பில் நான் எழுதி அனுப்பினேன், இரண்டு பக்கம்: கடற்கரை முழுக்க எல்லோரும் நடந்து போகும்படி திறந்திருக்க வேண்டும், வழிபாட்டு இடங்களைக் கடைசியில் சேர்க்காமல் முதலிலேயே குறிக்க வேண்டும் என்று. படித்தார்களா தெரியாது. அடுத்த கருத்துக்கேட்பு வரும்போது மறுபடி எழுதுவேன்.